ஒரே ஈற்றில் மஞ்சளும் பழுப்பும்: சுண்டெலிகளில் கலப்பு நேர்ந்துவிட்டதா?

கேள்வி: ஆய்வுக்காக ‘வயபிள் யெல்லோ’ வகைச் சுண்டெலிகளை வளர்க்கிறோம். தாய் கறுப்பு, தந்தை மஞ்சள். ஒரே ஈற்றில் கறுப்புக் குட்டிகளோடு மஞ்சள், திட்டுத்திட்டானவை, முழுப் பழுப்பு என எல்லாமும் பிறக்கின்றன. வேற்று எலி கலந்துவிட்டதா? பழுப்புக் குட்டிகளைக் கழித்துவிடலாமா?

பதில்: கழிக்காதீர்கள். இந்த வகையில் நிறத்தை வைத்து மரபுத் தூய்மையை முடிவு செய்ய முடியாது. மஞ்சள், திட்டு, பழுப்பு மூன்றுக்கும் மரபணு ஒன்றுதான்.

அகூட்டி மரபணு வழக்கமாக மயிர்க்கால்களில் சிறிது நேரம் மட்டும் இயங்கி, ஒவ்வொரு மயிரிலும் ஒரு மஞ்சள் வளையத்தை உண்டாக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எலி பழுப்பாகத் தெரியும். உங்கள் எலிகளில் இந்த மரபணுவுக்கு முன்னால் ஐ.ஏ.பி. என்ற தாவும் மரபுத்துண்டு ஒன்று செருகிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் மெத்தில் குறிகள் (டி.என்.ஏ.வில் ஒட்டி அதை அடக்கும் வேதிக் குறிகள்) குறைவாக இருந்தால் அது அகூட்டியை உடல் முழுவதும் ஓயாமல் இயக்கும். எலி மஞ்சளாகும், கொழுக்கும். குறிகள் அடர்ந்திருந்தால் துண்டு அடங்கிப்போய், எலி இயல்பான பழுப்பாக வளரும். கருவின் தொடக்கத்தில் சில செல்களில் அடங்கி, சிலவற்றில் அடங்காமல் போனால் திட்டு விழும். கறுப்புக் குட்டிகளின் நிறத்துக்கும் இதே மரபணுவில் நுழைந்த வேறொரு தாவும் துண்டே காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இப்படித் துண்டுகள் தாவிச் செருகுவது சுண்டெலியின் பரிணாமத்தோடு சேர்ந்தே வந்தது. 2002-இல் வெளியான அதன் மரபணுத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய துண்டுகளின் எச்சம். மனிதரிலும் அவை ஏராளம். ஆனால் ரெட்ரோவைரஸ் (தன் மரபுப்பொருளைச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகும் வைரஸ்) வழிவந்தவை நம்மிடம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. சுண்டெலியில் அவை இன்னும் தாவுகின்றன. அங்கே தானாகத் தோன்றும் மரபு மாற்றங்களில் சுமார் பத்தில் ஒன்று அவற்றால் வருகிறது. ஐ.ஏ.பி.யின் மூதாதை ஒரு ரெட்ரோவைரஸ். வேறு செல்லுக்குள் புக உதவும் உறை மரபணுவைப் பெரும்பாலான ஐ.ஏ.பி. துண்டுகள் இழந்துவிட்டன, அதன் பின் செல்லுக்குள்ளேயே படியெடுத்துப் பெருகின. அவற்றை அடக்கும் துத்தநாக விரல் புரதங்களும் கூடவே பெருகின. அந்தப் புரதங்கள் எலி வகைக்கு வகை வேறுபடுவதால், ஒரு வகையில் கண்ட முடிவை இன்னொரு வகைக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை. தாயின் நிறத்தையும் மரபணு வடிவத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். மஞ்சள் தாயின் குட்டிகள் மஞ்சளாகவே சாய்வது தெரிந்த விஷயம். சோதனை முடியும்வரை தீவனத்தை மாற்றாதீர்கள். தாயின் உணவில் ஃபோலிக் அமிலம், கோலின் போன்றவை கூடினால் பழுப்புக் குட்டிகள் அதிகரிக்கும் என்று 2003-இல் காட்டப்பட்டது. எடை ஒப்பீட்டில் மஞ்சளையும் பழுப்பையும் ஒரே குழுவாகச் சேர்க்கக் கூடாது.

சந்தேகம் தீராவிட்டால் பழுப்புக் குட்டியின் காதுத் திசுவில் பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிக் காணும் சோதனை) செய்யுங்கள். ஐ.ஏ.பி. செருகல் தெரிந்தால் அது உங்கள் வகைதான். தெரியாவிட்டால் மட்டுமே வேற்று எலி புகுந்திருக்கிறது. அப்போது அந்தக் கூண்டின் தாய், தந்தை இரண்டையும் சோதியுங்கள்.