பந்தல்கால் வெறும் கம்பு இல்லை

அன்புள்ள ஐயா,

காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு கல்யாண முருங்கை இருக்கிறது. என் கல்யாணத்துக்குப் பந்தல்காலாக நட்டது. இரண்டு வருஷமாக இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிச் சுருள்கிறது. குழந்தைக்கு முள் வேறு குத்துகிறது. வெட்டிவிடலாமா? இலையும் விதையும் சளிக்கு நல்லது என்கிறார்களே, சாப்பிடலாமா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

விதை நஞ்சு. அதைக் குழந்தை கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளுக்குப் பயந்தால் இலந்தைப்பழம்கூடத் தின்ன முடியாது, அதை விடுங்கள்.

போன மாதம் பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் சிமெண்ட் தரை என்பதால் மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் முருங்கைக் கொம்பைச் செருகியிருந்தார்கள். மறுநாள் டப்பா வேனில் ஏறியது, கொம்பு குப்பைக்குப் போனது. எனக்கு மனசு ஆறவே இல்லை. வெட்டி நட்டால் துளிர்க்கும் என்பதால்தானே இந்த மரத்தைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள்? தூக்கி எறியத்தான் என்றால் ஒரு மூங்கில் போதாதா?

1987-ல் என் அக்கா கல்யாணம் முடிந்ததும் அப்பா அந்தக் கொம்பைப் பிடுங்கி, குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் நட்டார். மூன்றாம் வருஷம் மாசியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று பூத்தது. தேனுக்கு மைனாவும் காக்கையும் விடியும் முன்பே வந்துவிடும். எங்களுக்கு இருமல் என்றால் அம்மா கொழுந்து இலையைப் பச்சரிசி, மிளகோடு அரைத்து அடை சுடுவாள். அக்கா எப்போது ஊருக்கு வந்தாலும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பாள்.

அந்த மரம் 2007-ல் செத்தது. உங்கள் மரத்தைப் பிடித்திருக்கும் அதே குளவிதான். உடம்பு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். இளந்தளிருக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே வளரும், இலை வீங்கும். 2004-ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அதற்குள் தீவு தீவாகப் பரவியிருந்தது; பிறகு கேரளத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருந்த முருங்கைகளையும் சாய்த்தது. ஹவாய்க்காரர்கள் 2008-ல் ஆப்பிரிக்காவிலிருந்து இதன் புழுவைத் தின்னும் இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்டுத் தங்கள் மரங்களுக்காகப் போராடினார்கள். நீங்கள் என்னடாவென்றால் அரிவாளைத் தேடுகிறீர்கள்! உங்கள் மனைவியின் கைபட்ட கொம்பு அது, தம்பி.

வீங்கின நுனிகளை மட்டும் வெட்டி எரியுங்கள். வீங்காத இலையைத் தாராளமாக அடைக்கு அரைக்கலாம். அப்புறம், முடிச்சில்லாத முற்றின கொம்பு ஒன்று கிடைத்தால் எனக்கும் எடுத்து வையுங்கள். வாய்க்கால் ஓரம் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.