சங்கிலி எத்தனை மீட்டர்?

வணக்கம் ஐயா,

நானும் கணவரும் 12 மீட்டர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பசிபிக் கடலில் காலபாகோஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகள், பிறகு டுவாமோட்டு பவளத்தீவுகள், டஹிட்டி என்று போகத் திட்டம். புதிய பாய்கள், ரேடார், சாட்டிலைட் போன் எல்லாம் தயார். ஆனாலும் சுமார் 3,000 கடல் மைல் கரையே தெரியாமல் ஓடப்போவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டே பேரால் முடியுமா? இரவில் யார் தூங்குவது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். நிறைய தம்பதிகள் போகிறார்கள். பருவம் பார்த்துக் கிளம்பினால் அந்த 3,000 மைலும் பெரும்பாலும் பின்னாலிருந்து வீசும் வாணிபக் காற்றில் ஓடுவதுதான். ஆபத்து கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தீவு வாழ்க்கையில் படகு ஓடும் நாட்களைவிட நங்கூரத்தில் நிற்கும் நாட்களே அதிகம். உங்கள் பட்டியலில் நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர் என்பதே இல்லை.

கணக்கு இதுதான். கடலின் ஆழம், படகின் முன்முனை நீர்மட்டத்திலிருந்து நிற்கும் உயரம், ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறும் நீர் மூன்றையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். 8 மீட்டர் ஆழம், 1.5 மீட்டர் உயரம், அரை மீட்டர் ஓதம் என்றால் 50 மீட்டர் சங்கிலி. டுவாமோட்டுவில் 15 மீட்டர் ஆழத்தில் போட வேண்டி வந்தால் 85 மீட்டர். 10 மிமீ சங்கிலி மீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ, அப்படியானால் முன்முனையில் 195 கிலோ. இந்த எடையைப் பார்த்துத்தான் பலர் 50 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் வேறு எதையாவது இறக்கிவிட்டு சங்கிலியை ஏற்றுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் பெயின்ட் அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் எவ்வளவு விட்டோம் என்பது தெரியாது.

நங்கூரம் போடுவதற்கு நல்ல நேரம் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை. சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். போலரைஸ்டு கண்ணாடியோடு ஒருவர் முன்முனையில் நின்றால் தண்ணீரே வரைபடமாகிவிடும்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பவளப்பாறை மேற்பரப்புக்கு மிக அருகில். மணல் திட்டாகப் பார்த்துப் படகை முழுதாக நிறுத்தி, நங்கூரம் தரை தொட்டதும் காற்று படகைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளச் சங்கிலியை விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அது நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். முழு நீளமும் போன பிறகு எஞ்சினை ரிவர்ஸில் மெல்ல ஏற்றி 1,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடியுங்கள். பக்கவாட்டில் கரையில் ஒரு மரமும் அதற்குப் பின்னே ஒரு பாறையும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து வைத்துக்கொண்டால், படகு நகர்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். சங்கிலி மீது கை வைத்துப் பாருங்கள். தரையில் இழுபடும் நங்கூரம் சங்கிலியில் கடகடவென்று அதிரும். பிடித்துவிட்டால் அதிர்வு இருக்காது. கடைசியில் நீச்சல் கண்ணாடி போட்டுக் குதித்து நேரில் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர்தானே, சோம்பல் வேண்டாம்.

பவளத்தீவுகளில் இத்தோடு முடியாது. காற்று திசை மாறும்போது படகு சுற்றும், கூடவே சங்கிலியும் பாறையைச் சுற்றிக்கொள்ளும். 50 மீட்டர் விட்டிருந்தாலும் உங்களிடம் மிஞ்சுவது 15 மீட்டராக இருக்கலாம். அலை வரும்போது முன்முனை மேலே எழ முடியாமல் வெடுக்கென்று இழுபடும். சங்கிலி ஓடும் முன்முனை உருளை வளைவதும், சங்கிலி இழுக்கும் மோட்டார் தளத்தோடு பெயர்வதும் இப்படித்தான். இதற்காகவே அங்கே சங்கிலியை மிதக்கவிடுகிறார்கள். முதல் 20 மீட்டர் தரையில் கிடக்கட்டும். அதன் பிறகு ஐந்து மீட்டருக்கு ஒரு மிதவையைக் கொக்கியில் மாட்டுங்கள். ஐந்து மீட்டர் சங்கிலி நீருக்குள் சுமார் 10 கிலோ எடை இழுக்கும், மிதவைக்கு அதைத் தூக்கும் சக்தி வேண்டும். பவளமும் உடையாமல் தப்பும். ஒரே தொல்லை, நடுராத்திரியில் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் ஒவ்வொரு மிதவையாகக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

நைலான் கயிற்றை மறக்கவே கூடாது. 14 மிமீ முப்பிரிக் கயிறு, எட்டுப் பத்து மீட்டர், சங்கிலியில் ஒரு கொக்கி. மறுமுனை படகின் தூணில். இழுவை முழுவதும் கயிற்றில் விழ, சங்கிலி தொய்ந்து தொங்க வேண்டும். மோட்டாரின் பல்சக்கரம் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. கயிறு உருளையில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் செருகுங்கள். இன்னொரு கயிறும் கைவசம் இருக்கட்டும். கருமேகம் ஒன்று வந்தால் சில நிமிடங்களில் காற்று 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்திலிருந்து 30 நாட் வேகத்துக்குத் தாவும். வேகம் மூன்று மடங்கு, இழுவை ஒன்பது மடங்கு.

வளையமான பவளத்தீவின் நடுவிலுள்ள நீர்ப்பரப்புக்குள் நுழையும் வாய்க்கால்களில் கணவரின் அவசரத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கலாம். அலைகள் பவளத் திட்டைத் தாண்டி உள்ளே தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருப்பதால், வெளியே பாயும் நீரோட்டம் ஓத அட்டவணை சொல்வதைவிட நெடுநேரம் ஓடும். நீரோட்டத்துக்கு எதிரே காற்றும் இருந்தால் வாய்க்காலில் அலைகள் செங்குத்தாக எழும். நீரோட்டம் தணியும்வரை வெளியே நில்லுங்கள். இருட்டில் போய்ச் சேர்ந்தால் விடியும்வரை கடலிலேயே.

தூக்கம்: மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். காவலில் இருப்பவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அடிவானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 20 நாட் வேகத்தில் வரும் கப்பல் அந்த இடைவெளியில் 5 கடல் மைல் வந்துவிடும். பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியின் அலாரம் உதவிக்கு மட்டும். பொழுது சாயும் முன்பே பாயைச் சுருக்கிவிடுங்கள். தனியாகக் காவலில் இருப்பவர் இடுப்புக் கயிறு மாட்டாமல் தளத்தில் அடியெடுத்து வைக்கவே கூடாது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை தென் பசிபிக்கில் சூறாவளிப் பருவம். அந்த மாதங்களில் எங்கே இருப்பது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: சுக்கான் பிடிப்பது அவர், சங்கிலி விடுவது நீங்கள் என்று ஏற்கெனவே பிரித்துக்கொண்டீர்களா? பல படகுகளில் அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் கடலில் விழுந்தால் மற்றவர் தனியாகப் பாயை இறக்கி, எஞ்சினைக் கிளப்பி, படகைத் திருப்பி அவரிடம் கொண்டுவர வேண்டும். ஒரு மெத்தையைக் கடலில் எறிந்து, மாறி மாறி ஆளுக்குப் பத்து முறை எடுத்துப் பழகுங்கள், துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே.