ஹல் ஹவுஸ், எல்லிஸ் தீவு, ட்ரையாங்கிள் தீ: கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவின் சிகாகோவில் இருந்த ஹல் ஹவுஸ் ஏழைகளுக்கான தர்ம சத்திரம் மாதிரியா?

இல்லை. 1889இல் வசதியான வீட்டில் பிறந்த ஜேன் ஆடம்ஸும் அவர் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். சுற்றிலும் பிழைக்கக் குடியேறி வந்த இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர். அவர்களுக்கு அக்கம்பக்கத்தாராக அங்கேயே வாழ்வதுதான் திட்டம். குழந்தைகள் காப்பகம், மாலை வகுப்பு எல்லாம் அப்புறம் வந்தவை.

அங்கே குடியிருந்ததால்தான் பல விஷயங்கள் கண்ணில் பட்டன. முதல் கிறிஸ்துமஸுக்கு மிட்டாய் கொடுத்தபோது சில சிறுமிகள் வேண்டாம் என்றார்கள். ஆறு வாரமாக மிட்டாய் ஆலையில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது வரை வேலை பார்த்த பிள்ளைகள். அவர்களுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆடம்ஸ் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி விடாமல் போராடியதில், 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1893இல் இல்லினாய் மாநிலம் சட்டம் போட்டது. முதல் தலைமை ஆலை ஆய்வாளரும் கெல்லிதான். பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற பிரிவை மட்டும் மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் ரத்து செய்துவிட்டது.

கேள்வி: ஜேன் ஆடம்ஸ் குப்பை வண்டி பின்னால் போனார் என்பது நிஜமா?

நிஜம்தான். 1895இல் அவரை அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார்கள். விடியற்காலையில் எழுந்து, வண்டிகள் கிளம்புகின்றனவா என்று பார்ப்பார். குப்பைமேடு வரை பின்தொடர்ந்தும் போவார். ஒரு குறுகலான தெருவில் 18 அங்குலக் குப்பையை வாரியபோது, அடியில் கல் பாவிய தரை இருந்தது! அங்கே அப்படி ஒரு தரை இருந்ததே குடியிருந்தவர்களுக்குத் தெரியாது. பின்னாளில் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைவிட இந்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கேள்வி: எல்லிஸ் தீவு அதிகாரிகள் வந்தவர்களின் பெயர்களை மாற்றினார்களாமே?

பரவலான நம்பிக்கை, ஆனால் சரியல்ல. எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்தில் கப்பலில் வந்து குடியேறுபவர்களை விசாரித்து உள்ளே விட்ட இடம். கப்பல் கம்பெனி தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அவர்கள் விசாரித்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பின்னால் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

கேள்வி: அப்படியானால் சீர்திருத்தம் முழுக்க வசதியான வீட்டுப் பெண்கள் செய்ததா?

இந்த எண்ணம் போக வேண்டும். 1909 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு தொழிலாளர் கூட்டம். தலைவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். உக்ரைனில் பிறந்த கிளாரா லெம்லிக் என்ற இளம் பெண் எழுந்து, பொது வேலைநிறுத்தம் வேண்டும் என்று, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் பேசினார். சட்டை தைக்கும் பெண்கள் சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். பல கம்பெனிகள் இறங்கி வந்தன. ட்ரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனி மட்டும் தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம் பெண்கள். முதலாளிகள் இருவரும் வழக்கில் விடுதலையானதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்தவர்களில் ஃப்ரான்சிஸ் பெர்கின்ஸும் ஒருவர். அடுத்து வந்த மாநில விசாரணைக் குழுவில் உழைத்த அவர், 1933இல் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். ஆனால் பூட்டிய கதவைப் பற்றி முதலில் குரல் எழுப்பியவர்கள் அந்தத் தையல் பெண்கள்தான்.

கேள்வி: அப்போது நம் இந்தியர்கள் அமெரிக்காவுக்குப் போக முடிந்ததா?

சிலர் போனார்கள், முக்கியமாகப் பஞ்சாபிகள், மேற்குக் கரைக்கு. 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவைச் சாத்தியது. 1923இல் பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் இந்தியர்களுக்குக் குடியுரிமையும் இல்லை என்று தீர்ப்பானது. 1946இல்தான் திறந்தார்கள், அதுவும் வருடத்துக்கு சுமார் 100 பேருக்கு.