பால்கனி உங்களுக்கு, ஜன்னலில்லாத அறை அம்மாவுக்கா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பல் ஏறி, கேப் டவுன், நமீபியாவின் வால்விஸ் பே, கேனரி தீவுகள் வழியாக இத்தாலி வரை 22 இரவுப் பயணம் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், ஐந்து வயது மகள், 74 வயதான என் அம்மா. யாருக்கும் கப்பலில் போன அனுபவம் இல்லை. என்ன உடை எடுத்துக்கொள்வது? துணி எங்கே துவைப்பது? கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை சைவம் கிடைக்குமா? போன் செலவு அதிகமா? நடுவில் ஒன்பது நாள் கரையே இல்லையாம், பொழுது எப்படிப் போகும்? இத்தாலியில் இறங்கிய பிறகு ஒரு வாரம் எங்கெல்லாம் சுற்றலாம்? எங்களுக்கு ஒன்பதாம் தளத்தில் பால்கனி அறை. அம்மாவுக்கு ஐந்தாம் தளத்தில் ஜன்னலில்லாத உள் அறை. குழந்தைகள் அவருடன் படுத்துக்கொள்வார்கள், பள்ளி விட்டதும் அவர்களைப் பார்த்துக்கொள்வது அவர்தான் என்பதால் பழக்கம்தான், அவருக்கும் பொழுது போகும். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மாலையில் காமாட்சி விளக்கு ஏற்றாமல் இருக்கமாட்டார், அதற்குக் கப்பலில் அனுமதி உண்டா?
– டர்பன், சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் கேள்விக்குறி போட்டுக் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சுலபம். கேள்விக்குறி போடாமல் தகவலாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அம்மாவும் குழந்தைகளும் ஐந்தாம் தளம், நாங்கள் ஒன்பதாம் தளம் என்று, அங்கேதான் எனக்குப் படிப்பு நின்றுவிட்டது. உடையும் சலவையும் பிறகு. முதலில் இதைப் பேசுவோம்.

இந்த ஏற்பாட்டை எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். “அம்மாவையும் அழைத்துப் போகிறோம்” என்று தொடங்கும். நாலு வரி தாண்டினால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது வெளியே வரும். “அவருக்கும் பொழுது போகும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அம்மா சொன்னாரா, நீங்களாக எழுதினீர்களா? வாரத்தில் ஐந்து நாள் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, சீருடை மாற்றி, வீட்டுப்பாடத்துக்கு உட்காரவைப்பவர் அவர். அவருக்கு விடுமுறை என்று ஒன்று இருந்தால் அது இந்த 22 இரவுதான். அதிலும் அதே வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள், இரவு நேரத்தையும் சேர்த்து.

அந்த அறை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கப்பலின் உள் அறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரிலிருந்து இறக்கும் மடிப்புக் கட்டிலில் ஒரு குழந்தை, பக்கத்தில் இன்னொன்று, நடக்க ஒரு ஆள் இடம். குளியலறை வாசலில் கால் தடுக்கும் உயரத்தில் படி இருக்கும். கப்பல் ஆடும்போது கனமான கதவு தானாக அறையும். இரவில் இரண்டு முறை எழுந்து போகிற 74 வயதுப் பெண்மணி அந்த இருட்டில் தடவிக்கொண்டு நடக்க வேண்டும்.

டர்பனிலிருந்து கேப் டவுன் வரையிலான கடல் சாதுவானதும் அல்ல. நம் கரையோரமாகத் தென்மேற்கு நோக்கி ஓடும் அகுல்யாஸ் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று வீசினால் அலை செங்குத்தாக எழும். ஆட்டம் அதிகமாக இருக்க வாய்ப்புள்ளது முதல் இரண்டு மூன்று இரவுகளில்தான். அந்த இரவுகளில் குழந்தைகள் வாந்தி எடுத்தால் துடைப்பது யார்? நீங்கள் நான்கு தளம் மேலே உறங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றை நீங்கள் யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். அம்மா இன்சுலின் போடுகிறவர். குமட்டலில் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டால் நடுச்சாமத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், பிறகு மயக்கம். அதைக் கவனிக்க அந்த அறையில் இருப்பது யார்? ஐந்து வயதும் எட்டு வயதும். யாரை யார் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

1991 ஆகஸ்ட் 4 அன்று, நம் நாட்டு ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்கு வந்துகொண்டிருந்த ஓஷியானோஸ் என்ற பயணிகள் கப்பல் வைல்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் மூழ்கியது. கப்பலில் இருந்த 571 பேரும் உயிர் தப்பினார்கள். பலரை ஹெலிகாப்டர்கள் வந்து தூக்கின. கப்பலில் பாட வந்த கலைஞர்கள்கூடப் பயணிகளை ஒழுங்குபடுத்தி மேலே அனுப்பினார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைய கப்பல்கள் எவ்வளவோ மேம்பட்டவை. ஆனால் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. அப்போது மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. ஆயிரக்கணக்கானோர் படிக்கட்டில் இறங்கும்போது நீங்கள் ஒன்பதிலிருந்து ஐந்துக்குப் போய்ப் பிள்ளைகளைத் தேடுவீர்களா? அம்மா ஒரு கையில் பேரனையும் ஒரு கையில் பேத்தியையும் பிடித்தால் கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே? அபாய நேரத்தில் கூடும் இடத்தை அறையை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள். வெவ்வேறு தளத்தில் அறை என்றால் உங்களுக்கு ஒரு இடம், அவர்களுக்கு வேறு இடம் என்று விழக்கூடும். கப்பல் புறப்படுமுன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை ஐந்து பேரும் சேர்ந்து செய்யுங்கள். அதைத் தட்டிக்கழித்துவிட்டு நீச்சல் குளத்துக்கு ஓடும் கூட்டத்தில் நீங்கள் இருக்கக் கூடாது.

ஐந்தாம் தளத்தில் ஆட்டம் குறைவு, அம்மாவின் நன்மைக்காகத்தான் என்று பதில் எழுதுவீர்கள். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு என்பது உண்மைதான். கீழ்த்தளங்களில் கடல் தெரியும் கண்ணாடி ஜன்னல் அறைகளும் பல கப்பல்களில் உண்டே. அதைக் கேட்டீர்களா?

உங்கள் அம்மா இளம்பெண்ணாக இருந்தபோது டர்பனின் நல்ல கடற்கரைகளில் வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை நட்டிருந்தது. இந்தியருக்கு ஒதுக்கிய மணலில் நின்றுதான் அவர் கடலைப் பார்த்திருப்பார். எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் என்று அரசு அறிவித்தது 1989-ல். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. அந்தத் தலைமுறைப் பெண்ணைக் கப்பலேற்றி, சுற்றிலும் கடல் இருக்க, நான்கு சுவருக்குள் படுக்கவைக்கிறீர்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நீங்கள். இரவில் அவர்கள் இருமினால் எழுந்திருக்க வேண்டியவர்களும் நீங்கள். பாட்டி ஆசைப்பட்டுக் கதை சொல்லலாம், கொஞ்சலாம், அலுத்தால் போய்ப் படுக்கலாம். அது அவர் உரிமை. உங்கள் கடமையை அவர் தலையில் வைப்பது வேறு.

செய்ய வேண்டியது இது. நாளைக் காலையே பயண முகவரை அழையுங்கள். முழுத் தொகையும் கட்டுமுன் அறை மாற்றுவது எளிது, பிறகு கட்டணம் கேட்பார்கள். ஒரே தளத்தில், உட்கதவால் இணைந்த இரண்டு அறை அல்லது அடுத்தடுத்த அறை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் பால்கனி அறையில் நீங்களும் அம்மாவும் மகளும், உள் அறையில் உங்கள் கணவரும் மகனும். முகம் சுளிப்பார் என்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். கணவன் மனைவி தனியாக இருக்க நேரம் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பெரும்பாலான பெரிய கப்பல்களில் சிறுவர் மன்றம் இருக்கிறது, பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், பகல் நேரத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏற்ற வயதுதான். முதல் நாளே பதிவு செய்யுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். மருந்தை முதலில் சொல்கிறேன், காரணம் தெரியும். இன்சுலினையும் மாத்திரைகளையும் கைப்பையில் வைத்திருங்கள். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைச் சற்றுக் குளிர்விக்கத்தான் போதும், இன்சுலினுக்கு அதை நம்பாமல் மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். பயன்படுத்திய ஊசியைப் போட மூடிய பெட்டியும் தருவார்கள். மருந்துச் சீட்டின் நகலும், பயண நாட்களைவிடக் கூடுதலாக இரண்டு வார மருந்தும் அவசியம். வழியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, பிறகு முன்னுக்குக் கொண்டுவருவார்கள். ஐரோப்பியக் கோடையில் இத்தாலிக்கும் டர்பனுக்கும் ஒரே நேரம்தான், இடையில்தான் குழப்பம். இன்சுலின் நேரத்தை மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அவரைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும், தொகை கடுமையாக இருக்கும். ஒன்பது நாள் கடலில் பெரும்பகுதி ஹெலிகாப்டர் எட்டாத தொலைவு. அம்மாவின் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதி, கப்பல் பயணத்தையும் கரைக்குக் கொண்டுசேர்க்கும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஏதாவது பட்டியலில் சேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கக்கூடும். அறுபதைத் தாண்டியவர் முதல்முறை அதைப் போட்டுக்கொள்வதில் கூடுதல் ஆபத்து உண்டு, ஆகவே பயண மருத்துவ நிலையத்தில் கேட்காமல் அம்மாவுக்குப் போடவேண்டாம். போடுகிறவர்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். இத்தாலியில் இறங்க ஐந்து பேருக்கும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா, வேண்டும், அதற்கு நாட்கள் பிடிக்கும், இப்போதே நேரம் வாங்குங்கள். பெற்றோர் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ்களும் கையில் இருக்கட்டும்.

கடல் ஒத்துக்கொள்ளாமைக்கு மாத்திரையை ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. அவற்றில் பல தூக்கத்தை வரவழைக்கும், முதியவர் தடுமாறி விழக் காரணமாகும். அம்மாவுக்கு எது தகும் என்று மருத்துவர் சொல்லட்டும். இஞ்சியைத் தட்டிப் போட்ட தேநீர், உப்பு பிஸ்கட், தளத்தில் காற்று வாங்கியபடி தொடுவானத்தைப் பார்த்து உட்காருவது, இவை நன்றாகவே உதவும். வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் வேகமாகப் பரவும். அதற்குக் கைகழுவும் ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.

விளக்குக்கு அனுமதி கிடையாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதையும் அறையில் ஏற்றக் கூடாது, கப்பலில் நெருப்பைவிடப் பெரிய பயம் இல்லை. பாட்டரியில் எரியும் சிறு விளக்கை இங்கேயே வாங்கி, சாமி படத்தோடு அம்மாவின் கையில் கொடுங்கள். ஏன் என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், கப்பலில் அதிகாரி வந்து பறித்த பிறகு சொல்லாதீர்கள். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் அதேபோல் வாங்கி வைத்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பெரிய மூன்று முனைப் பிளக் பெரும்பாலான கப்பல்களில் பொருந்தாது, மாற்றுப் பிளக் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை விரதத்தையும் முட்டை சேர்க்கலாமா என்பதையும் முன்பதிவில் எழுதுங்கள், முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் நேரில் சொல்லுங்கள். சமைத்த உணவைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, முத்திரை உடைக்காத ஊறுகாயும் பொடியும் பெரும்பாலும் தடைப்படாது. உடைக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம், விருந்து இரவுகளுக்கு இரண்டு சேலை போதும், வால்விஸ் பேயில் குளிர்காற்று, நிலநடுக்கோட்டில் புழுக்கம், இரண்டுக்கும் ஏற்றாற்போல் பருத்தியும் ஒரு கம்பளிச் சட்டையும். சலவைக்குப் பைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், உள்ளாடையைக் கையால் அலசிக் காயவைக்கக் கொடிக்கயிறு எடுங்கள். போனைக் கப்பல் ஏறியதும் விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோடு) மாற்றுங்கள், நடுக்கடல் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்துகொண்டால் பில் மலைக்கவைக்கும். நாளொன்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் சேரும், ராண்டில் அல்ல, டாலரிலோ யூரோவிலோ. அம்மாவின் கணக்கையும் நீங்களே கட்டுங்கள்.

ஒன்பது நாள் பொழுது போகுமா என்று கேட்டீர்கள். பிள்ளைகளோடு நீங்கள் இருங்கள், போகும்.

அறையைப் பற்றி அம்மாவிடம் கேட்கும்போது “எனக்கு எதுவானாலும் சரி” என்பார். அந்தத் தலைமுறைத் தாய்மார் எல்லாரும் சொல்வது அது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பலின் தளப் படத்தை மேசையில் விரித்து, ஜன்னல் எங்கே, மின்தூக்கி எங்கே, நீங்கள் எங்கே என்று காட்டி, அவர் விரல் வைக்கும் அறையை வாங்குங்கள்.

இத்தாலியில் எங்கே சுற்றுவது என்ற கேள்விக்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை. அறையை மாற்றிவிட்டு, அம்மாவுக்கு எந்தத் தளத்தில் எந்த அறை என்று எழுதுங்கள். அடுத்த இதழில் எழுதுகிறேன்.