நரைக்கு என்ன வருத்தம்?

அன்புள்ள அக்காவுக்கு,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வயது 53, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கொரோனா ஊரடங்கு நேரம் தலைக்கு டை பூசுவதை விட்டேன், பிறகு தொடவில்லை. கூடப் படிப்பிக்கிறவர்கள் தொடங்கிச் சந்தையில் மீன்காரர் வரை "என்ன ரீச்சர், ஏதும் வருத்தமோ?" என்கிறார்கள். என்னைவிட நரைத்த என் கணவரை ஒருவரும் கேட்பதில்லை. ஆவணியில் மகனுக்குக் கலியாணம். ரொறன்ரோவில் இருந்து வரும் தங்கை, "அக்கா, அல்பத்தில நீ மாப்பிள்ளையின்ர அம்மம்மா மாதிரி நிற்பாய், நரையில மல்லிகைப்பூவும் எடுபடாது" என்கிறாள். ஔவையாரே விரும்பிக் கிழவியானவர்தானே என்றேன், சிரிக்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல?

ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சர்,

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 61. என் தலையும் வெள்ளைதான், ஆனால் அது துணிச்சலால் வந்ததில்லை. 56 வயதில் ஒருநாள் பின்னேரம் டை பூசிவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பக் கண்மடல் இரண்டும் வீங்கி, காதோரம் நீர் வடிந்துகொண்டிருந்தது. பி.பி.டி. என்று சுருக்கிச் சொல்கிற பாரா-பீனைலீன்டயமின் செய்த வேலை. கருஞ்சாயங்கள் பலவற்றில் அது இருக்கிறது. இருபது வருசம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய சாமான். மருதோன்றி என்று பெயர் போட்ட கறுப்பு மாப் பைக்கற்றுகள் சிலவற்றிலும் உண்டு. மருதோன்றி தனியே செம்மைதான் தரும், கறுப்புத் தராது. ஆகவே என்னைப் புரட்சிக்காரி வரிசையில் சேர்க்க வேண்டாம்.

மீன்காரர் கேட்ட "வருத்தமோ" எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஊரில் நோய்க்குப் பெயரே வருத்தம்தான். பெண்ணின் தலை வெளுத்தால் ஒன்றில் நோய், இல்லாவிட்டால் துக்கம். வயது என்று ஒரு மூன்றாவது காரணம் இருக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் "பெரியபிள்ளை ஆகிவிட்டாள்" என்று ஊருக்கே சொல்கிறோம். மண்டபம் எடுத்து, வீடியோக்காரரைப் பிடித்து, கனடாவுக்கு நேரலை விட்டுச் சாமத்தியவீடு செய்கிறோம். அதே உடம்பில் 45க்கும் 55க்கும் இடையில் அது நிற்கிறபோது, பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக்கூடத் தெரியாது. "நின்றுட்டுது" என்று பெண்கள் தங்களுக்குள் குசுகுசுப்பார்கள். எழுவாய் இல்லாத வசனம். எது நின்றது என்று வாயால் சொல்ல ஆளில்லை.

ஆனால் நரையைப் பதக்கமாகக் குத்திக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருக்கிறார். 1990 இல் கணவரை இழந்தபோது வயது 27. பொட்டும் பூவும் நிறச்சேலையும் ஒரே நாளில் போயின. 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி ஓடியபோது இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு செம்மணி வெளியால் நடந்திருக்கிறார். வழியில் தண்ணீர் கொடுத்த பெடியன் "இந்தாங்கோ ஆச்சி" என்றானாம். அப்போது அவருக்கு 32. இப்போது 60 தாண்டியபிறகு டை பூசுகிறார், அரக்குச் சேலை கட்டுகிறார், ஒழுங்கை முழுக்கச் சிரிக்கிறது. நானும் ஒருமுறை பகிடி விட்டேன். அவர் சொன்ன பதில்: "குமராய் இருக்கேக்கை கிழவியாகச் சொன்னியள். ஆகினன். இப்ப உண்மையிலேயே கிழவியாகிற நேரம், நான் கொஞ்சம் பிந்தித்தான் வருவன்."

அதற்குப் பிறகு நான் ஒருவருடைய தலையைப் பற்றியும் கதைப்பதில்லை.

ஔவையார் கதையிலும் நீங்கள் முன்பாதியை விட்டுவிட்டீர்கள். கலியாணம் பேசி நெருக்கியபோதுதான் அவர் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டார் என்பது கதை. காரைக்கால் அம்மையார் பேயுருக் கேட்டதும், வேறு கலியாணம் முடித்திருந்த கணவன் பெண்சாதி பிள்ளையோடு வந்து காலில் விழுந்தபிறகுதான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி யாருக்கு என்று கழற்றி வைத்தார். (நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க அவர் மட்டும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கயிலைக்குத் தலையால் நடந்த களைப்பு என்று அம்மம்மா சொல்வார்.) முதுமை மேல் ஆசைப்பட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. இளம்பெண்ணாக ஊரூராய்ப் பாடித் திரிய விட்டிருந்தால் ஔவை எதற்குக் கிழவியாகப் போகிறார்? ஆகவே தங்கை சிரித்ததில் பிழையில்லை.

இன்னொன்று. முடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் எலும்பைப் பற்றிப் பேசுவதில்லை. மாதவிடாய் நின்று முதல் சில வருடங்களில், ஈஸ்ட்ரஜன் குறைவதால் எலும்பு வேகமாக இளைக்கும். குசினியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறியும்வரை வெளியில் தெரியாது. குரக்கன் பிட்டு அவியுங்கோ, முருங்கையிலை வறையுங்கோ, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போங்கோ.

தங்கைக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கலியாணத்தன்று கறுப்புத் தலையோடு நிற்க உங்களுக்கே ஆசையென்றால் பூசுங்கோ. பூசுவதற்கு 48 மணித்தியாலம் முன்னம் முழங்கை மடிப்பில் துளி தொட்டுப் பாருங்கோ, சொறிந்தால் விட்டுவிடுங்கோ. ஆசை இல்லையென்றால், மல்லிகை விசயத்தில் மட்டும் தங்கை சொல்வது சரி. கனகாம்பரம் வையுங்கோ.