ஒரு காதில் இன்னொரு பாட்டு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் 18 ஆண்டுகளாக பெர்லினில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. என் மகனுக்கு இப்போது 19 வயது. ஆறு வருடம் வயலின் கற்றுக்கொண்டான். நல்ல ஞானம் இருக்கிறது என்று ஆசிரியரே சொன்னார். போன வருடம் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, டிஜே ஆகப்போகிறேன் என்கிறான். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் கணினியில் இருக்கும் பாட்டுகளைக் கலக்கும் ஒரு கன்ட்ரோலர் வாங்கினான். இப்போது ரெக்கார்டைச் சுழற்றும் 'உண்மையான' டர்ன்டேபிள் இரண்டு வேண்டுமாம். யாரோ செய்த பாட்டை எடுத்து, பொத்தானை அழுத்தி, கையைத் தூக்கி ஆட்டுவது எப்படி இசை ஆகும்? வேகத்தைச் சேர்ப்பதற்கும் சிங்க் பொத்தான் வந்துவிட்டது. அப்படியென்றால் டிஜே செய்வதுதான் என்ன? இரவெல்லாம் விழிப்பு, போதைப்பொருள் பயம், வருமானமும் நிச்சயமில்லை. நீங்கள் இசை பற்றி எழுதுகிறவர். டிஜேவை இசைக்கலைஞர் என்று சொல்ல முடியுமா? டர்ன்டேபிள் வாங்கிக் கொடுக்கலாமா?

எஸ்.,
பெர்லின்

அன்புள்ள எஸ்,

போன மாதம் ஊரில் ஒரு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்தேன். இறந்தவர் எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்த அண்ணன். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். திரும்பி வந்ததிலிருந்து, அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். 'இது கலையா' என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, என் கையெழுத்துக்காகத்தான் வருகிறார்கள்.

போதைப்பொருள் பயத்தை மகனிடம் பேசுங்கள். என்னிடம் பேசி ஆவது ஒன்றுமில்லை. வருமானமா? வயலின் வாசித்தால் மட்டும் பெர்லினில் வீட்டு வாடகை கட்டிவிட முடியுமா?

கடிதத்தில் டிஜே பற்றிய வரிகள் எல்லாம் ஏளனம். வயலின் பற்றிய வரிகளில்தான் உங்கள் குரல் இருக்கிறது. 'பெட்டியில் வைத்து மூடிவிட்டு' என்று எழுதும்போது உங்களுக்கு வலித்திருக்கிறது. பிள்ளை கச்சேரி மேடையில் உட்கார்ந்திருப்பதை ஆறு வருடம் மனதுக்குள் பார்த்திருப்பீர்கள். அந்த வருத்தம் நியாயமானது, அதை மறைக்க வேண்டியதே இல்லை. ஆனால் அதைக் கொண்டுவந்து இசை பற்றிய கேள்விக்குள் ஒளித்துவைக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மகனுடைய அறைக்கு வெளியே நின்று ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறீர்களா? 18 வருடம் பெர்லினில் இருந்திருக்கிறீர்கள். 2024 மார்ச்சில் அந்த ஊரின் டெக்னோ என்ற மின்னணு நடன இசைப் பண்பாட்டை ஜெர்மனி தன் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'பொத்தானை அழுத்துவது இசையா' என்று இங்கே இருக்கும் என்னிடம் கேட்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்தவர் பாட்டு என்கிறீர்கள். இதற்குப் பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுகிறவரும் அடுத்தவர் பாட்டைத்தானே பாடுகிறார் என்பார்கள். சோம்பேறி வாதம். பாடகர் தன் தொண்டையிலிருந்து ஒலியைப் பிறப்பிக்கிறார், டிஜே அப்படிச் செய்வதில்லை. 1939இலேயே அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் டர்ன்டேபிளை வைத்து இசையமைத்தார் என்று சொல்லி டிஜேக்களுக்கு மரியாதை தேடித் தருகிறவர்களும் உண்டு. அந்த இரவல் மரியாதையும் வேண்டாம்.

ஒரு டெக்னோ ரெக்கார்டையோ, அதற்கு உறவான ஹவுஸ் என்ற நடன இசை ரெக்கார்டையோ வீட்டில் தனியாகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் ஒரு நிமிடம் வெறும் டிரம்தான் ஓடும். கடைசியிலும் அப்படித்தான். உங்களுக்குச் சலித்துவிடும். செய்தவருக்குப் பாட்டுக் கட்டத் தெரியாமல் இல்லை. தையற்காரர் ஓரத்தில் துணி விட்டு வெட்டுவாரே, அதுபோல, இன்னொரு ரெக்கார்டோடு சேர்த்துத் தைப்பதற்காக விட்ட துணி அது. சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் இருந்தது. 1977இலிருந்து அங்கே வாசித்த டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ், ஆடுகிறவர்களுக்குப் போதவில்லை என்று பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டினார். அந்தக் கிளப்பின் பெயரின் பின்பாதிதான் 'ஹவுஸ்' என்ற இசைக்கே பெயரானது. அதாவது முதலில் டிஜே, அப்புறம்தான் அந்த இசை. அடுத்தவர் பாட்டை எடுத்து ஓட்டுகிறான் என்று நீங்கள் சொல்வது, தைப்பவரைப் பார்த்து 'துணி நீ நெய்ததா' என்று கேட்பதுபோல.

பெர்லினுக்கு ஒருமுறை நான் வந்திருக்கிறேன், ஒரு கூட்டத்தில் பேச. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினேன். அவருடைய மகள் வார இறுதிகளில் டிஜேயாக வாசிக்கிறாள். (வாசிக்கிறாள் என்றுதான் எழுதுகிறேன், கவனியுங்கள்.) அவளுடைய அறையில் டெக்னிக்ஸ் 1200 என்ற டர்ன்டேபிள் இரண்டு இருந்தன. 1972இல் வந்த இயந்திரம், 1979இல் திருத்தி வெளியிட்டார்கள். பெல்ட் கிடையாது, தட்டுக்கு நேர் அடியில் மோட்டார். கையால் ரெக்கார்டைப் பிடித்து நிறுத்தினாலும், விட்ட மறுகணம் வேகம் பிடித்துவிடும். வலது ஓரத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு குமிழ். அதைக் கொண்டு வேகத்தை 8 விழுக்காடுவரை கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுதான் கருவி. 'இரண்டு பாட்டைச் சேர்த்து ஓட்டுங்கோ மாமா, பாப்பம்' என்றாள்.

கணக்கைச் சொல்கிறேன். ஒரு ரெக்கார்டு நிமிடத்துக்கு 120 தாள அடி. இன்னொன்று 121. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஒரே வேகம் என்றுதான் சத்தியம் செய்வீர்கள். சேர்த்து ஓடவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வினாடி ஒன்றாகவே கேட்கும். அப்புறம் டிரம்மின் ஓசை கொஞ்சம் தடிக்கும். பத்து வினாடியில் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழும். அரை நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் போய் விழும், கால் தடுக்கிய குதிரை ஓடுவதுபோல. ஒரு நிமிடம் ஆனால் மறுபடி ஒன்றுசேரும், ஆனால் ஒரு அடி தள்ளி. அதற்குள் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள்.

ஆகவே ஒரு காதில் கூடத்தில் ஓடுகிற பாட்டு. மறு காதில் ஹெட்போனில், கூட்டத்துக்கு இன்னும் கேட்காத அடுத்த பாட்டு. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று காது சொல்ல வேண்டும். முந்தினால் தட்டின் ஓரத்தை விரல்நுனியால் லேசாகத் தேய்த்துத் தாமதப்படுத்த வேண்டும். பிந்தினால் தள்ள வேண்டும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் சுருதி இழுபடும், கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். இரண்டிலும் பாடகர் பாடிக்கொண்டிருந்தால் ஒன்றின் சுருதி மற்றதோடு மோதும். அதையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தாலும் எடுப்பு என்று ஒன்று இருக்கிறது. இந்த இசை பெரும்பாலும் 32 அடிக்கு ஒரு பத்தியாக நகரும். பழைய பாட்டில் ஒரு பத்தி தொடங்கும் இடத்தில்தான் புதிய பாட்டின் பத்தியும் தொடங்க வேண்டும். நடுவில் நுழைத்தால் வேகம் எவ்வளவு பொருந்தினாலும் வழிப்போக்கன் அடுத்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

நான் மூன்று மணி நேரம் முயன்றேன். சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றவன். தாளம் தெரியும் என்ற திமிர் இருந்தது. ஒருமுறைகூட 15 வினாடிக்கு மேல் நிற்கவில்லை. அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: 'மாமா, நீங்கள் ஒண்டைத்தான் கேக்கிறியள். ரெண்டையும் சேத்துக் கேளுங்கோ.'

என் மிருதங்க வாத்தியார் நான்கு வருடமும் என்னைத் திட்டியது இதற்காகத்தான். 'நீ வாசிக்கிறதை மட்டும் கேட்கிறதுன்னா வீட்டிலேயே வாசி, பாடுறவரை எதுக்கு உட்கார வெச்சிருக்கே?' என்பார். எனக்கு அது கடைசிவரை வரவில்லை, விட்டுவிட்டேன். இரண்டை ஒரே நேரத்தில் கேட்டு, ஒன்றை மற்றதற்காக அந்தக் கணத்திலேயே திருத்துகிறவரை நான் இசைக்கலைஞர் என்பேன். ஒலி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்புறம்தான்.

சிங்க் பொத்தான் இந்த அடிகளைச் சேர்க்கும் வேலையைச் செய்துவிடுகிறது. நன்றாகவே செய்கிறது. சுருதிப்பெட்டி வந்தபோது தம்புரா போடுகிறவருக்கு வேலை போயிற்று, அதற்காகப் பாடத் தெரியாதவர் பாடகராகிவிடவில்லை. பெரிய மேடைகளில், வாணவேடிக்கைக்குப் பொருந்துமாறு முன்கூட்டியே அடுக்கிவைத்ததை ஓடவிட்டுவிட்டுக் கையைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் பிளே பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று கனடாக்காரரான டெட்மவுஸ் என்ற மின்னணு இசைக்காரர் 2012இல் எழுதி, பெரிய சண்டை நடந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அவர்களை வைத்து மகனை அளக்காதீர்கள்.

ஆனால் சேர்ப்பது பாதி வேலைதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியில் நடந்த ஒரு விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்பார்கள். வாசித்தவர் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். அவர் செய்த கண்டுபிடிப்பு கையால் செய்தது அல்ல, கண்ணால் செய்தது. ஆட வந்தவர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை. பாடகர் ஓய்ந்து டிரம் மட்டும் வரும் சில வினாடிக்காகக் காத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதையே தொடங்கி நீட்டிக்கொண்டே போனார். அவருக்கு அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் மின்னணுவியல் படித்தவர். ஹெர்க் கைவாக்கில் செய்ததை இவர் துல்லியமாக்கினார். ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, எத்தனை சுற்று பின்னால் சுழற்றினால் அந்த இடம் வரும் என்று கணக்கு வைத்தார். முதன்முதலில் கூட்டத்துக்கு முன்னால் அதைச் செய்துகாட்டியபோது யாரும் ஆடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்காக அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தலையில் விழுந்த குட்டு ஞாபகம் வந்தது. 12 வயது இருக்கும். ஒரு கல்யாண வீடு. மைக் செட் அண்ணன் டீ குடிக்கப் போகும்போது என்னைப் பிளேயர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டியிருந்தது. தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோகப் பாட்டை எடுத்து, முள்ளைக் கீறல் விழாமல் வைத்தேன். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை, எனக்கு ஒரே பெருமை. அதே நேரத்தில் பெண் வீட்டார் வண்டியிலிருந்து இறங்கினார்கள். ஏற்கெனவே ஏதோ மனத்தாங்கல். இறங்கிய கிழவிகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடிவந்தார். முள்ளைப் பிடுங்கவில்லை. ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பாட்டு தானாக முடிந்ததுபோல ஆக்கி, வேறொன்றைப் போட்டு ஏற்றினார். அப்புறம்தான் குட்டினார். 'கூட்டத்தப் பாருல. தட்டையே பாத்துக்கிட்டு நிக்க.'

அவரை டிஜே என்று சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரே ஒரு பிளேயர்தான் இருந்தது. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும்வரை குழாயில் கரகரப்புதான் வரும். சேர்க்கிற வித்தை அவருக்குத் தெரியாது. ஆனால் விடியற்காலையில் முதல் பாட்டு எது, பந்தி எழும்போது எது, தூறல் போட்டால் எது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யாரும் அதை ஒரு திறமை என்று நினைத்ததில்லை, அவரும் நினைத்ததில்லை. போன மாதம் அவருடைய காரியம் முடிந்த அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீடு. பென் டிரைவைச் செருகிவிட்டு மைக் செட் பையன் எங்கோ போய்விட்டான். பாட்டுகள் பெயரின் எழுத்து வரிசையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒப்பாரி மாதிரி ஒன்று, அடுத்து ஒரு குத்துப்பாட்டு, அடுத்து ஐயப்பன். நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்ன 'பொத்தானை அழுத்துவது' அதுதான்.

அதிகாரபூர்வமான பதில்தான் வேண்டுமென்றால் அதுவும் உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. கச்சேரிச் சீட்டுக்கு ஜெர்மனியில் வரி 7 விழுக்காடு, வெறும் கேளிக்கை என்றால் 19. டெக்னோ இரவுகள் எதில் சேரும் என்ற வழக்கு அங்கே வரி விவகாரங்களுக்கு உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நிதி நீதிமன்றம்வரை போயிற்று. டிஜே ரெக்கார்டை ஓடவிடுவதோடு நிற்கவில்லை, டர்ன்டேபிளையும், ஒலிகளைக் கலக்கும் மிக்சரையும் கருவியாக்கிப் புதிய இசையை நிகழ்த்துகிறார் என்று 2020இல் அது ஏற்றுக்கொண்டது. வரிக்கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் புரிந்தது.

டர்ன்டேபிள் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பழையது போதும். பாதிப் பணம் அவன் போடட்டும். ஒன்று மட்டும் வாங்கி ஒப்பேற்றிவிடாதீர்கள், இரண்டு வேண்டும். வயலினை விற்கவும் வேண்டாம், பெட்டியைத் திறந்து அவன் கண்ணில் படுகிற மாதிரி வைக்கவும் வேண்டாம். அவன் வெளியே போயிருக்கும் ஒரு நாள், நீங்களே இரண்டு ரெக்கார்டைப் போட்டுச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை வினாடி நின்றது என்று எனக்கு எழுதுங்கள். என்னுடையது 15.