கரண்ட் வைக்கறதுக்கா நாலரை வருஷம்? (வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம். பிபிடி (பிசியோதெரபி டிகிரி) முடிச்சிட்டு ஆந்திரா நகரியில ஒரு நர்சிங் ஹோம்ல இருக்கேன், திருத்தணியிலேருந்து தினம் பஸ்ல போய் வரேன். ஆர்த்தோ சார் சீட்டுல "ஐஎஃப்டி பத்து நாள்"னு எழுதி அனுப்புவார், வலிக்கு கரண்ட் குடுக்கற அந்த மெஷினை நான் மாட்டணும், அவ்ளோதான். எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்தா உன்னை யார் கேட்டாங்கறாங்க. பேஷண்ட்டும் "கரண்ட் வைம்மா"தான். பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டா மரியாதை வருமா, போடலாமா கூடாதா?
- எஸ்., திருத்தணி

எஸ்.க்கு,

டாக்டர் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன், நம்ம வாட்ஸப் குரூப்ல இதைத் தவிர வேற பேச்சே இல்ல. 2025ல வந்த பிசியோதெரபி புது பாடத்திட்டம் பேருக்கு முன்னாடி டாக்டர், பின்னாடி பிடி (பிசியோதெரபிஸ்ட்)னு போட்டுக்கலாம்னுச்சு, செப்டம்பர் 9ஆம் தேதி மத்திய அரசோட சுகாதார சேவை இயக்குநரகம் கூடாதுன்னு லெட்டர் போட்டாங்க, மறுநாளே வாபஸ். கேரளா ஹைகோர்ட் வரைக்கும் போயிருக்கு. போட்டுக்கம்மா, வேணாம்னா விட்டுடு. ஆனா போர்டுல அதை மாட்டிட்டு உள்ள போய் அதே பத்து நாள் ஐஎஃப்டிதான் மாட்டப்போறன்னா யாரும் உன்னை புதுசா மதிக்கப்போறதில்ல.

அதை விட, 2021ல பார்லிமெண்ட்ல பாஸான, நம்ம மாதிரி தொழில்களுக்கான அலைட் ஹெல்த்கேர் சட்டத்தை எடுத்து படி. அட்டவணையில பிசியோதெரபிஸ்ட்னா யாருன்னு ஒரு பத்தி இருக்கு, பேஷண்ட்ட முழுசா பரிசோதிக்கலாம், ட்ரீட்மெண்ட் குடுக்கலாம், தனியாவும் செய்யலாம் டீமோடவும் செய்யலாம்னு தெளிவா போட்டிருக்கு. இந்தப் பத்திக்காக எத்தனை வருஷம் சீனியர்ங்க நடையா நடந்தாங்கன்னு இப்ப வர்ற பசங்களுக்கு தெரியல (திட்டல, வருத்தம்தான்).

இப்ப உன் ஊர் கதைக்கு வரேன். புத்தூர் கட்டு போட்டு, கட்டு அவுத்ததும் முழங்கை மடங்காம வர்ற பையனை நீ தினம் பாத்திருப்ப. அவனுக்கு கரண்ட் வெச்சா கொஞ்சம் இதமா இருக்கும், கை மடங்காது. அவனே மடக்கி நீட்டற எக்சர்சைஸ்தான் வேணும், பக்கத்து வீட்டுக்காரர் புடிச்சு இழுத்து மடக்குனா தசைக்குள்ள எலும்பு வளந்து நிலைமை இன்னும் மோசமாகும். அதே மாதிரி பவர்லூம் ஓட்டற சுகர்காரம்மா தோளை தூக்க முடியலன்னு வருவாங்க, சுகர் இருக்கறவங்களுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் ஜாஸ்தி, அதுக்கு மாசக்கணக்குல பொறுமை வேணும், பத்து நாள்ல ஒண்ணும் ஆகாது. இதெல்லாம் தெரிஞ்சவ நீ, ஆனா சீட்டுல எழுதறது அவர்.

அதனால சார்கிட்ட சண்டைக்கு போகாத. முத நாளே கோனியோமீட்டர் (மூட்டு எத்தனை டிகிரி மடங்குதுன்னு பாக்கற கருவி) வெச்சு அளந்து ஒரு பக்கத்துல எழுது, எங்க வலி, எத்தனை டிகிரி மடங்குது, நீ என்ன பண்ணப்போற, எத்தனை வாரம். கையெழுத்து, ரிஜிஸ்டர் நம்பர் போட்டு அவர் ஃபைல்ல வெச்சிடு. மூணாவது வாரம் திரும்ப அளந்து அதையும் வை. டிகிரி ஏறினதை ஃபைல்ல பாத்த ஆர்த்தோ டாக்டருங்க சிலர் அப்புறம் "பாத்து செய்"னு மட்டும் எழுத ஆரம்பிச்சிருக்காங்க, எல்லாரும் இல்ல, சிலர். ராத்திரி தூங்க விடாத வலி, எடை குறையறது, காய்ச்சல் இதெல்லாம் பாத்தா மெஷின் வைக்காம எழுத்துல திருப்பி அனுப்பு, அவருக்கு உன் மேல நம்பிக்கை வர்றது அங்கதான்.

இன்னொண்ணு, நீ கேக்கல. படிச்சது இந்தப் பக்கம், வேலை ஆந்திராவுல. மேல சொன்ன 2021 சட்டப்படி ஸ்டேட்டுக்கு ஸ்டேட் தனி கவுன்சில், அங்க உன் ரிஜிஸ்ட்ரேஷன் செல்லுமான்னு எழுத்துல கேட்டு பதில் வாங்கு. நர்சிங் ஹோம்ல அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் குடுத்திருக்காங்களா? இல்லன்னா இந்த வாரமே கேளு, அதுல பிசியோதெரபிஸ்ட்னு இருக்கணும், டெக்னீஷியன்னு இருந்தா கையெழுத்து போடாத.